எட்டுப் பேர் எழுதிய என் வாக்கியம்

எழுத நேரம் ஒதுக்குவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுக்க முன்வந்தவர் ஓய்வுபெற்ற ஓர் அரசு அதிகாரி. காலையில் கண் விழித்தால் அவர் கைக்குக் காபி வந்துவிடும். குளித்துவிட்டு வந்தால் தட்டில் இட்லி இருக்கும். மாடியில் அவருக்கென்று ஓர் அறை, அறைக்கு ஏசி, கதவுக்கு உள்பக்கத் தாழ்ப்பாள். இத்தனையும் இருந்தும் முப்பது வருடத்தில் அவர் எழுதியது நான்கு ஒல்லியான கவிதைப் புத்தகங்கள். நான்கையும் படித்திருக்கிறேன். நான்கிலும் நிலா வருகிறது. கடைசிப் புத்தகத்தில் இரண்டு முறை மட்டும்தான் வருகிறது. அதைத்தான் வளர்ச்சி என்று சொல்ல வேண்டும்.

அவர் எங்கள் ஊர் இலக்கியக் கூட்டத்தின் தலைவர். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூட்டம் நடக்கும். கரும்பலகையில் யாரும் அழிக்காத முக்கோணங்கள் இருக்கும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பெண்கள் இரண்டே பேர், ஒரு பள்ளி ஆசிரியையும் நானும். நான் ஒரு பட்டுப்புடவைக் கடையில் விற்பனைப் பெண். நாற்பத்தொரு வயதுக்காரியைப் பெண் என்று சொல்வது அந்தத் தொழிலில் மட்டும்தான். செவ்வாய் எனக்கு வார விடுமுறை என்பதால்தான் போக முடிந்தது.

அந்த ஆவணியில் அவர் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு, பரபரப்பான வாழ்க்கையில் படைப்பு மனத்தைக் காப்பது எப்படி என்பது. இரண்டு மணி நேரம் பேசினார்.

"நாலு மணிக்கு எழுந்திருங்க. உலகம் தூங்கும்போது எழுத்தாளன் விழிச்சிருக்கணும்" என்றார்.

செவிலிமேட்டில் எங்கள் தெருவில் நாலு மணிக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். அந்த நேரத்தில் உலகம் தூங்குவதில்லை. குடத்தோடு வரிசையில் நிற்கும். தண்ணீர் பிடித்து முடித்ததும் மாமியாருக்கு உடம்பு துடைத்துவிட வேண்டும். ஆடி மாதக் கடைசியில் குளியலறையில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தவரைத் திருப்பிப் படுக்க வைக்க, பெட்பேன் வைக்க, எடுக்க, ஆள் நான் ஒருத்திதான். கணவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். ஒன்பது மணிக்குள், மாமியாரைப் பக்கத்து வீட்டுக்காரியின் பொறுப்பில் விட்டுவிட்டு, நான் கடையில் இருக்க வேண்டும்.

தலைவர் பேசி முடித்துவிட்டு ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும், "நீங்க ஒரு நாளைக்கு எத்தினி மணி நேரம்மா எழுதுறீங்க?" என்றார்.

"பதினோரு நிமிஷம் சார்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் நகைச்சுவைக்காகச் சொன்னதாக நினைத்துக்கொண்டார்கள். தலைவர் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, "உங்க வலிய எழுதுங்கம்மா. உங்க மக்களோட வலிய நீங்கதான் எழுதணும்" என்றார். என் அப்பா எந்தத் தெருவில் பிறந்தவர் என்பதை முதல் கூட்டத்திலேயே விசாரித்துத் தெரிந்துகொண்டவர் அவர். அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் வலியைக் கேட்பார், சோற்றுக்கு வட்டிலை நீட்டுகிறவரைப் போல. எனக்கு அப்போது வலி இருந்தது குதிகாலில். பத்து மணி நேரம் நின்றால் யாருக்கும் வரும்.

பதினோரு நிமிடம் என்று நான் சொன்னது கணக்குப் பார்த்துச் சொன்னது. எங்கள் கடையில் முகூர்த்தப் புடவைப் பிரிவு கீழ்த்தளத்தில் இருந்தது. வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் வாடிக்கையாளர்கள் குடும்பமாக உட்காருவார்கள். நாங்கள் நிற்போம், முட்டி போட்டுப் புடவையை விரிப்போம், மறுபடி நிற்போம். ஐம்பது புடவை பார்த்து மூன்றை ஒதுக்கியதும் அவர்களுக்குத் தைரியம் போய்விடும். உடனே சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் யாருக்காவது வீடியோ கால் போடுவார்கள். அந்தப் பக்கம் படம் உறைந்து நிற்கும். இந்தப் பக்கம் "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கத்துவார்கள். ஜரிகை அந்தப் பக்கத்தில் வெள்ளையாகத் தெரியும், அரக்கு கறுப்பாகத் தெரியும். தெரிந்ததை வைத்து அவர்கள் அபிப்பிராயம் சொல்வார்கள். வாழ்நாள் முழுக்கப் பெட்டியில் இருக்கப்போகிற புடவையை, அதைத் தொட்டே பார்க்காத ஒருத்தி முடிவு செய்வாள். அந்தக் கால் முடியும்வரை நாங்கள் பேசக் கூடாது, நகரக் கூடாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில், ஒரு கால் சராசரியாகப் பதினோரு நிமிடம் போகிறது என்று தெரிந்தது.

அந்தப் பதினோரு நிமிடத்தில்தான் எழுதினேன். போன்களைக் காலையிலேயே லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள். நோட்டுப் புத்தகம் தளத்துக்குள் வரக் கூடாது. ஆனால் புடவை எண்ணைக் குறித்துக்கொள்ளப் பேனா இருந்தது. புடவை மடிப்பு விறைப்பாக நிற்பதற்காக உள்ளே வைக்கும் வெள்ளை அட்டை இருந்தது. புடவையை விரித்தால் அட்டையை வெளியே எடுத்துவிடுவோம். அதன் பின்பக்கம் சுத்தமாக இருக்கும். முட்டி போட்ட நிலையில், ஒதுக்கிய புடவைக் குவியலுக்குப் பின்னால் அட்டையை வைத்துக்கொண்டு நான்கைந்து வரி எழுதிவிடலாம். தூரத்தில் இருந்து பார்த்தால் எண் குறிப்பது போலத்தான் இருக்கும். சாயங்காலம் அந்த அட்டைகளைச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவேன். மாமியார் சாப்பிடும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவற்றை நோட்டில் ஏற்றுவேன்.

"எழுதி எழுதி இன்னாத்த கண்ட?" என்பார் மாமியார், வாயில் சோற்றோடு.

அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதுதான் எரிச்சல்.

நேரமே கிடைக்கவில்லை என்று புலம்பும் எழுத்தாளர்களை அந்த நாட்களில் நான் மனதுக்குள் வறுத்தெடுத்தேன். கூட்டத்தில் அப்படிப்பட்டவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒருவர் பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவதாலேயே நாவல் நின்றுவிட்டது என்பார். இன்னொருவருக்குத் தெருவில் நாய் குரைப்பதால் கவிதை வரவில்லை. நான் எழுதிவிட்டேன் என்ற திமிர் எனக்கு நிறையவே இருந்தது. என்ன எழுதினேன் என்பதைப் பற்றி அந்தத் திமிர் கவலைப்படவில்லை. வாடிக்கையாளர்களைப் பற்றித்தான் எழுதினேன். பிடித்தவர்கள் என்று அதில் ஒருவரும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர்களின் கழுத்து, பெண் வீட்டுக்காரர்களின் சிரிப்பு, ஏசியில் வியர்க்கும் சித்தப்பாக்கள். சுருக்கமாக, குரூரமாக எழுதினேன். நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன்.

அந்த ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தளத்தில் கால் வைக்க இடமில்லை. உத்திரமேரூர் பக்கத்தில் இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. நிலம் நீச்சு உள்ளவர்கள், ஊரில் பதவியிலும் இருப்பவர்கள் என்பது அவர்கள் உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா நடுவில் உட்கார்ந்தார். அவருக்குப் பக்கத்தில் கல்யாணப் பெண்ணின் அம்மா. பெண் மெத்தைக்கு வெளியே நின்றாள். என்னோடு அவர்களைக் கவனித்தவள் திருப்பருத்திக்குன்றத்தில் இருந்து வரும் என் வயதுக்காரி. கடையில் எனக்கு இருந்த ஒரே சிநேகிதி.

மாப்பிள்ளையின் அம்மா புடவைகளை எடுத்து எடுத்துப் பெண்ணின் தோளில் போட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜரிகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பெண்ணை ஒரு தடவைகூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. கடைசியில் வெங்காயத்தோல் நிறத்தில் ஒன்றை ஒதுக்கிவிட்டுச் சிங்கப்பூரில் இருக்கும் தங்கைக்கு வீடியோ கால் போட்டார். எனக்கு நேரம் கிடைத்தது. அட்டையில் எழுதினேன்:

'பெண்ணின் தோளில் புடவையைப் போட்டுப் பார்க்கிறார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை. மாமியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஜரிகையைப் பார்க்கிறாள். கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியது பக்கத்தில் நிற்கிறது. அவர்களுக்குத் தோள் போதும். ஆணி இருந்தாலும் போதும்.'

எழுதியதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தக் கடைசி வரிக்காக அன்று முழுவதும் கால் வலி தெரியவில்லை.

சாயங்காலம் பையில் அட்டைகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. அந்த வெங்காயத்தோல் புடவையை மடித்தவள் என் சிநேகிதி. அவசரத்தில் கைக்குக் கிடைத்த அட்டையை உள்ளே வைத்து மடித்துப் பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தாள். பின்பக்கத்தை அவள் பார்த்திருக்க மாட்டாள். அடுத்த நான்கு நாட்கள் வாசலில் கார் நிற்கும் ஒவ்வொரு முறையும் தலையைக் குனிந்துகொண்டேன். ஐந்தாம் நாள் பயம் குறைந்தது. அந்த அட்டையை யாரும் பார்க்க மாட்டார்கள், பார்த்தாலும் படிக்க மாட்டார்கள் என்று தோன்றியது. ஆறாம் நாள், யாராவது படித்தால் என்ன என்று ஒரு சின்ன ஆசைகூட வந்தது.

எட்டாம் நாள் மதியம் மாப்பிள்ளையின் அம்மாவே வந்தார். கூட உறவுக்காரிபோல் ஒருத்தி. கையில் அட்டை.

"இத யாரு எழுதினது? எனக்கு அது மட்டும் தெரியணும்" என்றார் தளத்தின் சூப்பர்வைசரிடம். சூப்பர்வைசர் எங்களைவிடச் சின்னவர். எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார். வேலை வாங்குவதில் மட்டும் தயவு காட்ட மாட்டார்.

"உக்காருங்க மேடம். மொதல்ல ஜூஸ் சாப்புடுங்க. இன்னான்னு பாக்குறேன்."

"ஜூஸ் குடிக்கவா உத்திரமேரூர்லந்து வந்தேன்? சொந்தக்காரங்க அத்தினி பேர் உக்காந்துக்கினு இருக்காங்க. பொடவய விரிச்சிக் காட்றேன், மடியில வந்து உழுது இது. என் கொழுந்தனார் பொண்ணு எடுத்துச் சத்தமா படிக்குது. எனக்கு எப்பிடி இருக்கும் சொல்லு."

சூப்பர்வைசர் அட்டையை வாங்கி ஒரு முறை படித்தார். திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி படித்தார். பிறகு அந்தத் தளத்தில் விற்பனைக்கு நிற்கும் எங்கள் எட்டுப் பேரையும் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார்.

"யாரு எழுதினது? இப்பவே சொல்லிட்டா ஒண்ணும் ஆவாது."

அவர் என் எதிரில் வந்து நின்றார். "அக்கா, அன்னிக்கி இவங்கள கவனிச்சது நீங்க ரெண்டு பேருதான? நீங்களா?"

"நான் இல்ல சார்."

எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பதில். நாய் குரைப்பதால் கவிதை வராத மனிதரை நான் எத்தனை நாள் கேலி செய்திருக்கிறேன். அவராவது எழுதாததை எழுதினேன் என்று சொன்னதில்லை. நான் எழுதியதை எழுதவில்லை என்றேன், அதுவும் கண்ணைப் பார்த்து.

சூப்பர்வைசர் என் சிநேகிதி பக்கம் திரும்பினார். அவள் முகம் வெளுத்துவிட்டது. "எனக்குக் கையெழுத்துப் போடறதே கோணக்கினு வரும் சார். நான் எங்க இத்தினி எழுதறது?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அரை நிமிடத்துக்காக என்னை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"சரி. எல்லாரும் ஒரு சீட்டு எடுங்க. நான் சொல்றத எழுதுங்க. கையெழுத்தப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றார் சூப்பர்வைசர்.

எட்டுப் பேரும் கவுன்டரில் குனிந்து எழுதத் தொடங்கினோம். மற்ற வாடிக்கையாளர்கள் புடவையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் பள்ளிக்கூட வாத்தியார்போல நடந்துகொண்டே, "பெண்ணின் தோளில்... புடவையைப் போட்டு... பார்க்கிறார்கள்" என்று சொல்லச் சொல்ல, ஏழு பெண்கள் என் வாக்கியத்தை எழுதினார்கள். நானும் எழுதினேன், எழுத்துகளை இடப்பக்கம் சாய்த்து, என் கை தெரியாதபடி. பயத்தில் வியர்த்துக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒன்றை மறைக்கக் கூடாது. அவர் வாயில் அந்த வரிகள் வந்தபோது காதுக்கு இனிமையாக இருந்தது. அதுவரை என் எழுத்தை யாரும் என் காதுபடச் சத்தமாகப் படித்ததில்லை.

கடைசி வரிக்கு வந்தார். "அவர்களுக்குத் தோள் போதும்... ஆணியும் இருந்தால் போதும்" என்றார்.

"'ஆணி இருந்தாலும் போதும்' சார்" என்றேன்.

பேனாக்கள் நின்றன. சொன்ன பிறகுதான் சொன்னது எனக்கே தெரிந்தது. வேலை போகும் என்ற பயத்தில் ஒரு பொய்யைக் காப்பாற்றிக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு 'உம்' இடம் மாறியதைத் தாங்க முடியவில்லை. அந்த அளவுக்கு அற்பமானவளாக இருந்தேன்.

அந்த அம்மாள் எழுந்து என் முன்னால் வந்தார். "நீயா?"

"ஆமாம்மா."

"என்னப் பத்தி உனக்கு இன்னா தெரியும்?"

அவர் கோபத்தில் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் என் வரி இன்னும் சரியாகப் பொருந்தியிருக்கும். அவர் குரல் இறங்கிவிட்டது.

"பொண்ணு மூஞ்சிய யாரும் பாக்கலன்னு எழுதிக்கிற. அந்த வெங்காயத்தோல் கலரு வேணும்னு எங்கிட்ட போன்ல சொன்னதே அந்தப் பொண்ணுதான். 'அம்மாவுக்கு அரக்குதான் புடிக்கும் அத்தை, நான் கேட்டா சண்ட வரும், நீங்களே எடுக்கிறா மாதிரி எடுத்துடுங்க'ன்னு சொல்லிச்சு. அதும் மூஞ்சிய நான் பாத்தேன்னா அது சிரிச்சிடும். அவங்கம்மா பக்கத்துலயே உக்காந்துக்கினு இருக்குது. அதான் பாக்கல."

"மன்னிச்சிடுங்கம்மா" என்றேன்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார். சூப்பர்வைசர், "அத குடுங்க மேடம், நாங்க கிழிச்சிப் போட்டுடறோம்" என்று கை நீட்டினார். "வாணாம். எங்கிட்டயே இருக்கட்டும்" என்று அட்டையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். எதற்காக வைத்துக்கொண்டார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் சொன்னது உண்மையா, அவமானத்தில் பொறுக்கிச் சேர்த்த கதையா என்று அன்று சாயங்காலம் முழுக்க யோசித்தேன். பொய்யாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன். பெண்ணின் முகத்தில் சிரிப்பு ஒளிந்திருந்ததா என்று நினைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா. நினைத்துப் பார்த்தேன். எனக்கு அவள் தோள் ஞாபகம் வந்தது, மருதாணி வைத்த விரல் ஞாபகம் வந்தது. முகம் வரவே இல்லை. அவள் நின்றிருந்த நேரம் முழுக்க நான் அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசர் அந்த எட்டுச் சீட்டுகளையும் குப்பைக் கூடையில் போட்டிருந்தார். நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று எழுத ஆசைதான். போகும்போது குனிந்து எட்டையும் எடுத்துக்கொண்டேன். என் சிநேகிதி எழுதியதில் 'தோள்' என்பது 'தோல்' என்று இருந்தது. கண்ணீர் விழுந்து மை பரவியிருந்தது. அவள் மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்காரவில்லை. ஒரு நாள் மாடிப்படியில் நேருக்கு நேர் வந்தபோது, "நான் உன்னப் பத்தி ஒரு தபா கூட யார்கிட்டயும் தப்பா பேசினது இல்லமா" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

வேலை போகவில்லை. தீபாவளி வருவதற்குள் பழகிய ஆளை அனுப்ப அவர்களுக்கு மனம் வரவில்லை. என்னை மூன்றாம் மாடிக்கு மாற்றினார்கள். வாடிக்கையாளர்கள் கலைத்துப் போட்ட புடவைகளெல்லாம் அங்கே மூட்டையாக வரும். மடித்து, கீழே அனுப்ப வேண்டும். வீடியோ கால் இல்லை, வாடிக்கையாளர் இல்லை, ஜன்னலும் இல்லை. பதினோரு நிமிடமும் போனது. ஐப்பசியில் ஒரு நாளைக்கு எத்தனை புடவை மடித்தேன் என்று கேட்டால் தோள்பட்டைதான் பதில் சொல்லும். வீட்டில் மாமியாருக்கு அந்த மாதம்தான் வாக்கர் வைத்து நடக்கப் பழக்கினோம். நான்கு அடி வைத்துவிட்டு நின்று, "உடு, போதும், நான் படுத்துக்கினே செத்துப் போறேன்" என்பார். "செத்தா அப்பால பாத்துக்கலாம், இப்ப இன்னும் ரெண்டு அடி வைங்க அத்தை" என்பேன்.

புரட்டாசி, ஐப்பசி இரண்டு மாதமும் எழுதும் பழக்கத்தை விடவில்லை. கௌரவத்துக்காகச் சொல்லவில்லை. சிகரெட்டை விட முடியாதவர்களைப் போலத்தான் நானும் விடவில்லை. மடித்துக்கொண்டே மனதில் ஒரு வரியைக் கட்டுவேன். கீழே இறங்கும்வரை மறக்காமல் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன். பஸ் நிறுத்தத்தில் நின்றபடி எழுதுவேன். பாதி நாள் பஸ் வந்துவிடும். எழுதியதில் முக்கால்வாசி குப்பை. ஆனால் ஒரு மாற்றம் இருந்தது. யாரைப் பற்றி எழுதினாலும் மூன்றாவது வரியில் அந்த அம்மாளின் குரல் கேட்டது, என்னப் பத்தி உனக்கு இன்னா தெரியும் என்று. எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலோடு எழுதியவைதான் அடித்துப் போடாமல் மிஞ்சின.

நடந்ததை நான் கூட்டத்துக்கு வரும் ஆசிரியையிடம் மட்டும் பஸ்ஸில் சொல்லியிருந்தேன். அவர் தலைவரிடம் சொல்லிவிட்டார். கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போனேன். தலைவர் அன்று எழுத்தின் சக்தியைப் பற்றிப் பேசினார். "நமக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரி, புடவைக் கடையில வேலை செய்றாங்க" என்று ஆரம்பித்தார். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசியது. அவர் கதையில் மாப்பிள்ளையின் அம்மா அட்டையைப் படித்துவிட்டுக் கண்ணீர் விட்டார். மருமகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கடைக்குத் திரும்பி வந்து, அந்தச் சகோதரியின் கையைப் பிடித்து, "என் கண்ணத் தொறந்துட்டம்மா" என்றார். ஒருவர் மூக்கை உறிஞ்சினார். கைதட்டல் கேட்டது.

நான் எழுந்து நின்றேன். "சார், அந்தம்மா அழல. அவங்க கண்ணு ஏற்கெனவே தொறந்துதான் இருந்தது. நான்தான் தப்பா எழுதினேன். கேட்டதுக்கு நான் எழுதலன்னு பொய் சொன்னேன். என்னால இன்னொருத்தி அழுதா."

தலைவர் முகம் சுருங்கவில்லை. பல வருடம் மேடை பார்த்தவர். புன்னகையோடு, "அம்மா, நடந்தத நடந்த மாதிரியே சொன்னா அது புகார் மனு. மெருகேத்தினாதான் இலக்கியம்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள். நாய் குரைப்பு மனிதர் எல்லோருக்கும் மேலே சத்தமாகத் தட்டினார்.

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை. அப்படிக் கிடைத்த செவ்வாய் மாலைகளில் உட்கார்ந்து எழுதித் தள்ளினேன் என்று நினைக்க வேண்டாம். படுத்துத் தூங்கினேன்.

அதைவிடக் கேவலம் மார்கழி. மார்கழியில் கல்யாணம் கிடையாது. கடையில் ஈ ஓட்டினோம். மாமியார் வாக்கரோடு தானே குளியலறைக்குப் போய் வர ஆரம்பித்துவிட்டார். தண்ணீர் பிடிக்கும் வேலையைக் கணவர் ஷிப்ட் மாறியதால் எடுத்துக்கொண்டார். மூன்றாம் மாடியில் மடிக்கப் புடவையே இல்லை. பேனா இருந்தது, அட்டை கட்டுக்கட்டாக இருந்தது, யாரும் மேலே ஏறி வரவும் இல்லை. ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் எனக்கு முழுசாகக் கிடைத்தது. பதினெட்டு நாளில் ஒரு வரி எழுதவில்லை. அட்டையை எடுத்து முன்னால் வைப்பேன். பேனா மூடியைக் கழற்றுவேன். மற்ற பெண்கள் சீரியல் கதை பேசுவதைக் கேட்பேன். மூடியைப் போடுவேன். யாரைப் பார்த்து நான் அத்தனை நாள் சிரித்தேனோ, அந்த வரிசையில் போய் நானும் நின்றேன். நின்றதும் அவர்கள் மேல் மரியாதை வந்துவிட்டதா என்றால், இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் வெறுத்தேன்.

தை பிறந்ததும் கடையில் கூட்டம் மறுபடி அலைமோதியது. கீழே ஆள் போதவில்லை என்று சூப்பர்வைசர் என்னைத் திரும்ப இறக்கினார். "அக்கா, அட்டையில கை வெச்சீங்கன்னா நானே எழுதிக் குடுத்துடுவேன், வீட்டுக்குப் போற லெட்டர" என்றார். கை வைக்கவில்லை. ஆனால் முதல் நாளே பஸ்ஸில் நின்றுகொண்டு ஒரு பக்கம் எழுதினேன். மறுநாள் மாமியாரின் கஞ்சி ஆறும்வரை அரைப் பக்கம். அப்படியே துண்டு துண்டாகத் தை முடிவதற்குள் உத்திரமேரூர் அம்மாளின் கதையை எழுதி முடித்தேன். அதில் பெண்ணுக்கு முகம் இல்லை. எனக்குத் தெரியாததை எழுதக் கூடாது என்று விட்டுவிட்டேன். பொய் சொன்ன விற்பனைப் பெண்ணுக்கு மட்டும் முழுசாக இரண்டு பக்கம் ஒதுக்கினேன். பிரதி எடுத்து, முதலில் என் சிநேகிதியிடம் கொடுத்தேன். அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். படித்தாளா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வாரம் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் டப்பாவில் இருந்து வாழைக்காய் வறுவலை என் பக்கம் தள்ளினாள்.

இன்னொரு பிரதியை மாமியாரின் கட்டிலில் விட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஒரு காலையில் பார்த்தால் கணவர் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்யாணமாகி இருபது வருடத்தில் என் எழுத்தில் ஒரு வரி படிக்காதவர். கடைசிப் பக்கம்வரை போய், திருப்பி முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"நல்லாதான் இருக்குது. ஆனா ஒரு எடத்துல கூட நான் இல்லியே?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இல்லையே என்பதுபோலக் கேட்டார்.

"உங்களப் பத்தி தனியா எழுதறேன்" என்றேன், வாயை அடைக்க.

அவருக்கு டப்பா கட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டுப் பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். எட்டு நிமிடம் இருந்தது. சொன்னதைச் செய்துவிடலாம் என்று நோட்டை எடுத்தேன். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்த மனிதர், எழுத எவ்வளவோ இருக்கும் என்று நினைத்தேன். ஷிப்ட் நேரங்களை எழுதினேன். சட்டை நிறத்தை எழுதினேன். மூன்றாவது வரியில் உத்திரமேரூர் அம்மாளின் குரல் கேட்டது, பேனா நின்றுவிட்டது. அந்த இரண்டு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்துவிட்டது.